பத்தாம் எண்ணில் யாருமில்லை

மார்ச் 3

தங்கைக்கு,

இறைவன் தயவில் வீடு வந்து சேர்ந்தேன். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் காலை ஒன்பது இருபதுக்கு, விமான நிலையத்தில் இரண்டாம் எண் சோதனை மேசையைச் சுற்றி இருந்தவர்கள்:

1. நான்.
2. கையுறை போட்ட பெண் காவலர். பெயர்ப்பட்டையைத் திருப்பிக் குத்தியிருந்தாள். ஆகவே கையுறைக்காரி என்றே எழுதுகிறேன்.
3. தட்டுகளைத் தள்ளிவிடும் ஆள்.
4. திரையைப் பார்ப்பதற்கென்று உட்கார்ந்திருந்தவன். நான்கு கொட்டாவி விட்டான்.
5. மேலதிகாரி. பல் குத்திக்கொண்டே வந்தவர், பல் குத்திக்கொண்டே போனார்.
6. எனக்குப் பின்னால் நின்ற வழுக்கைத்தலைக்காரர். பெல்ட்டைக் கழற்றிவிட்டதால் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
7, 8. ஒரு கணவனும் மனைவியும்.
9. அவர்களுடைய கைக்குழந்தை. அதையும் எண்ணிக்கொண்டேன். நடந்ததைப் பார்த்து அழுதது அது ஒன்றுதான்.
10.

பத்தாம் எண்ணைக் காலியாக விட்டிருக்கிறேன். யாரை எழுதுவது என்பதைப் படித்துவிட்டு நீ சொல்.

அண்ணனின் முழங்கால் ஆபரேஷனுக்காகப் போய் நாம் இருவரும் நான்கு நாள் ஒன்றாக இருந்தோம். ஒரே கட்டிலில் படுத்தோம். ஒரே காரில் விமான நிலையம் வந்தோம். உனக்குப் பத்து மணி விமானம், எனக்குப் பத்தே முக்கால். இதெல்லாம் நீ அறிந்தது. அறியாததை இப்போது சொல்கிறேன். அத்தனை பேர் பார்த்தாயிற்று, இனிமேல் உன்னிடம் மட்டும் மறைத்து என்ன?

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி இருந்தது. அப்போது அத்தான் கப்பலில் இருந்தார். இப்போது நலம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விமானம் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன்.

கடையில் விற்கிற ரப்பர் மார்பை ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். வேர்வையில் தோல் வெந்துபோயிற்று. பிறகு நானே தைத்தேன். பழைய தலையணை உறையில் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே கடுகு நிரப்பினேன். எடுத்ததன் எடையை ஆஸ்பத்திரித் தாளில் போட்டிருந்தார்கள், நானூற்றுப் பத்து கிராம். சமையல் தராசில் அதே நானூற்றுப் பத்தை நிறுத்துப் போட்டேன். தோள் ஒரு பக்கம் சாயாமல் நின்றது.

டாக்டர் கொடுத்த சான்றிதழ் பெட்டியில் இருந்தது. பெட்டி அதற்குள் உள்ளே போய்விட்டது.

நான் வரிசையில் நின்ற பதினோரு நிமிடத்தில் அந்தக் கையுறை தொட்டவை: ஐந்து ஜோடி செருப்பு, உள்ளே விரல் விட்டு. ஒரு பல்செட் டப்பா. குப்பைத்தொட்டியின் மூடி. அந்தக் குழந்தையின் பால்புட்டி. கையுறைக்காரியின் மூக்கு, இரண்டு முறை. கையுறை மாற்றப்படவில்லை. அதற்கடுத்து அது என் சட்டைக்குள் வந்தது.

"என்னம்மா இது, கல்லு மாதிரி?"

"கொஞ்சம் ஓரமா வாங்கம்மா, சொல்றேன்."

"ஓரமெல்லாம் கிடையாது. இங்கயே எடுங்க."

இறைவனைக் கூப்பிட்டேன். வாய் அசைந்திருக்கும் போல.

"என்ன முணுமுணுக்கறீங்க? எடுங்கன்னா எடுங்க."

கழுத்து வழியாகக் கையை விட்டு எடுத்துத் தட்டில் வைத்தேன். தட்டுக்காரன், "ஐயே, பொட்டலம்!" என்று சத்தம் போட்டான். மேலதிகாரி வந்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். மேசையைத் தாண்டி நாலடி தூரத்தில் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கை நீட்டிக் காட்டினேன். அவர் அங்கே திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியையும் பதிலையும் நான் எழுதப் போவதில்லை.

பிறகு நானே வாயைத் திறந்தேன். வெட்கப்பட இனி என்ன மிச்சம்? "ஐயா, எனக்கு மார்பை எடுத்துட்டாங்க. அதுக்குப் பதிலா வைக்கிற துணி இது. உள்ள கடுகு." மூன்று முறை சொன்னேன்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றார். எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும், தோன்றவில்லை.

பிளேடால் கிழித்தார்கள். கடுகு மேசையிலும் தரையிலும் ஓடியது. வழுக்கைத்தலைக்காரர் மிதித்துச் சறுக்கி, கால்சட்டையை விட்டுவிட்டு மேசையைப் பிடித்தார். திரைக்காரன் சிரித்தான். நான் ஒரு பக்கம் தட்டையாக, கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். விமானம் போய்விட்டது.

கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் இருந்தது இது: "பயணி உடலில் மறைத்து எடுத்துவந்த பொருள், தானியம்." நான் போடவில்லை. போடாவிட்டாலும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்றார்கள். இனி எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் அந்த வரி எனக்கு முன்னால் போய் நிற்கும். ஆகஸ்டில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த வரியை அடிக்கவைக்காமல் விடமாட்டேன். புகார் எழுதிவிட்டேன்.

பிள்ளையின் இருமல் நின்றதா? உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். கடிதங்களையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறேன், பேச்சை ஒட்டிவைக்க முடியாது. எழுது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வருடக் கடைசி, அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. காப்பீட்டுக் கம்பெனியில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே.

உன் கடிதத்தைப் படித்துத் திடுக்கிட்டுப் போனேன். இவ்வளவு பெரிய ஆபரேஷனை எப்படி அக்கா ஒற்றை ஆளாகத் தாங்கினாய்? அந்த ஜனங்களுக்கு மனசாட்சி என்பதே கிடையாது. என் சிநேகிதி ஒருத்தியின் வாசனைத் தைலத்தை இப்படித்தான் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள்.

எனக்கு அன்று கேட் மூடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்துவிட்டது. நீ பின்னாலேயே வந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். இறங்கியதும் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

நான் சொல்வதைக் கேள். நல்ல கம்பெனியின் சிலிக்கான் மார்பு இப்போது வருகிறது, தோலுக்கு ஒன்றும் செய்யாது. நானே வாங்கி அனுப்புகிறேன். நடந்ததை மறந்துவிடு. மலையோடு மோதி யார் ஜெயித்தார்கள்?

பத்தாம் எண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு விளங்கவில்லை.

பிள்ளைக்கு இருமல் தேவலை. அண்ணன் கைத்தடி இல்லாமல் நடக்கிறானாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே ஆகுக.

விளங்கவில்லை என்றாய். விளக்குகிறேன்.

மேலதிகாரி கேட்டது: "இந்தம்மா மார்ல பொட்டலம் வச்சிருக்காங்க. உங்க ஆளா?"

நீ சொன்னது: "தெரியாது."

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ வாசனைத் தைலத்தைப் பற்றி எழுதியதும் கை தானாக எழுதிவிட்டது. வாசனைத் தைலம்! அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

அப்படிச் சொல்லிவிட்டு நீ உடனே கேட்டுக்கு ஓடவில்லை. தூணுக்குப் பின்னால் உன் பச்சைப் பையின் பாதி தெரிந்துகொண்டே இருந்தது. நான் மூன்று முறை சொன்னபோது அது அங்கேதான் இருந்தது. பிளேடு எடுத்தபோதும் இருந்தது. கடுகு கொட்டிய பிறகுதான் காணாமல் போயிற்று.

நான் அடித்துச் சொல்கிற ஒரே விஷயம், கிழிப்பதற்கு முன்பே அது என்னவென்று சொல்லிவிட்டேன் என்பதுதான். சொல்லிவிட்டால் மறைத்தது ஆகாது. அதைக் காதால் கேட்டவர்களில் வழுக்கைத்தலைக்காரர் எங்கே இருக்கிறார், கணவன் மனைவி எங்கே இருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. விலாசம் தெரிந்த சாட்சி நீ ஒருத்திதான்.

சிலிக்கான் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

உனக்காகவும் தினமும் பிரார்த்திக்கிறேன். அதை நிறுத்தவில்லை. பிள்ளைக்கு என் அன்பு.

அக்கா


மே 2

தங்கைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இறைவன் பொறுப்பு. எனக்கு லேசான தலைவலி, வேறொன்றுமில்லை.

போன கடிதம் போட்டு முப்பத்தாறு நாள் ஆயிற்று. தபால் தொலைந்திருக்காது, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏப்ரல் 1 அன்று நீ வாங்கிக் கையெழுத்துப் போட்ட அட்டை என்னிடம் இருக்கிறது.

விமான நிலையத்தார் உன்னைவிடச் சுறுசுறுப்பு. பதில் போட்டுவிட்டார்கள். பிரதி எடுக்கக் கடைக்குப் போக மனமில்லாமல் அப்படியே எழுதுகிறேன்:

"தங்கள் புகார் கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. பணியாளர்கள் நடைமுறைப்படியே செயல்பட்டுள்ளனர். ஒவ்வொரு பயணிக்கும் புதிய கையுறை பயன்படுத்தப்படுகிறது. பொருளின் தன்மை குறித்துப் பயணி முன்கூட்டித் தெரிவித்ததற்கு ஆதாரம் இல்லை. தங்களுக்கு ஏற்பட்ட சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். மேல்முறையீடு செய்வதாயின், பணியாளர் அல்லாத ஒருவரின் எழுத்துமூலச் சாட்சியத்தையும் மருத்துவ ஆவணங்களையும் ஜூலை 29க்குள் அனுப்பவும்."

சிறு அசௌகரியம். ஒரு குழம்புக் கரண்டி எண்ணெயைச் அடுத்தவர் சட்டையில் கொட்டிவிட்டவன் சொல்கிற பேச்சு. இதை எழுதினவனுக்கு வீட்டில் அக்கா தங்கை இருப்பார்கள், அவனும் மூன்று வேளை சாப்பிடுவான். புதிய கையுறையாம். அதைப் படித்ததிலிருந்து அந்த இடம் அரிக்கிறது. ஆறாத புண் ஒன்றுமில்லை, டாக்டர் பார்த்துவிட்டார். ஆனாலும் இரண்டு வேளை குளித்தாலும் போகவில்லை. பல்செட் டப்பா, பால்புட்டி, மூக்கு, பிறகு நான். கண்ணை மூடிப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் இந்த வரிசைதான் ஓடுகிறது. இறைவனின் பெயர் வரவேண்டிய இடத்தில் மூக்கு வருகிறது. அதற்காகவே இவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.

சாட்சியம் ஒரு பக்கம் போதும். நீ நின்ற இடம், கேட்ட பேச்சு, அடியில் கையெழுத்து.

பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததா? எழுது.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் தலைவலிக்குக் கண்ணைக் காட்டு, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.

அவர்கள் எழுதிய கடிதத்தில் ஒன்றும் ஆச்சரியமில்லை. "கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது", "ஆதாரம் இல்லை", "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" எல்லாம் நான் வாரத்துக்கு நாற்பது முறை அடிக்கிற வரிகள். யாரும் எதையும் பரிசீலித்திருக்க மாட்டார்கள். பட்டனைத் தட்டினால் தானாக வரும். அதனால்தான் சொல்கிறேன், விட்டுவிடு.

சாட்சியம் என்னால் கொடுக்க முடியாது. என் பெயர் ஒரு விசாரணையில் வந்தால் அலுவலகத்தில் கேள்வி கேட்பார்கள். பதவி உயர்வுப் பட்டியல் இந்த வருடம் வருகிறது. அதுபோக, அங்கே ஒரே இரைச்சல், நீ சொன்னது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. காதில் விழாததை விழுந்ததாக எழுதச் சொல்கிறாயா? நீயா என்னைப் பொய் சொல்லச் சொல்வது?

பிள்ளை நன்றாக எழுதியிருக்கிறான். அத்தான் எப்போது கரைக்கு வருகிறார்?

அன்புடன்,
தங்கை


மே 20

தங்கைக்கு,

சுகம். சுகமாக இரு.

காதில் விழாததை எழுத வேண்டாம்.

வேறொரு உதவி கேட்கிறேன், இதில் உன் பெயர் வராது. மருத்துவ ஆவணங்கள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருக்கிற பதினேழு தாளையும் பிரதி எடுத்து எண் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அடுக்கியது. தாள் குறைந்தால் திருப்பி அனுப்புவதே உன் உத்தியோகம். இதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

அத்தான் ஆகஸ்டில் வருகிறார்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டாய். நான் விட்டுப்போயிருக்கிறேன்.

நான்காம் தாள், நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாள் படிவம். "உடன் இருப்பவர்" என்ற இடத்தில் "யாருமில்லை". அதற்குக் கீழே "அவசரத்தில் தெரிவிக்க வேண்டிய உறவினர்". அங்கேயும் "யாருமில்லை". பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நீ எந்த நோட்டைப் பார்த்து எழுதிப் பழகினாய் அக்கா? நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நோட்டைப் பார்த்து. அதனால் உன் எழுத்தும் என் எழுத்தும் ஒன்று போலத்தான் இருக்கும், அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. என் கையெழுத்திலேயே நான் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறாய்.

காலியிடங்களைப் பார்ப்பதுதான் என் தொழில். எத்தனையோ படிவங்களைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போனவர்களின் படிவங்களைக்கூட. ஒன்றைப் பார்த்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் நின்றது இதுதான் முதல் தடவை.

நீ கத்தியின் கீழே படுக்கும்போது நான் உனக்கு யாருமில்லை. பொட்டலத்தைப் பிடித்ததும் மட்டும் "அதோ என் தங்கை" என்று கை நீட்டுகிறாய்.

இனி நான் பொய் எழுத மாட்டேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு சொல் விடாமல் விழுந்தது.

அந்த ஆள் "மார்ல பொட்டலம்" என்று கேட்டபோது நான் நம்பிவிட்டேன். ஒரு நொடி, உண்மையிலேயே, என் அக்கா எதையோ கடத்திக்கொண்டு வந்துவிட்டாள் என்று நம்பினேன். அண்ணன் வீட்டில் நான்கு நாளும் கதவைத் தாழ்போட்டுத்தான் உடை மாற்றினாய். நான் கட்டிப்பிடிக்க வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டாய். எதையோ ஒளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், என்னவென்றுதான் தெரியாது. அவன் பொட்டலம் என்றதும் எல்லாம் பொருந்திவிட்டது. வாய் "தெரியாது" என்று சொல்லிவிட்டது.

தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றபோதுதான் நீ சொன்னாய், எனக்கு மார்பை எடுத்துட்டாங்க என்று. இரண்டு வருடத்தில் அதை நீ என்னிடம் சொல்லவில்லை. பல் குத்துகிறவனிடம் சொன்னாய். அப்போதாவது ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரியாது என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு எப்படி வருவது என்று நின்றேன். பிறகு கடுகு கொட்டியது. ஒரு கடுகு உருண்டு வந்து என் செருப்பில் பட்டு நின்றது. அதை எடுக்கக்கூடக் குனியவில்லை, போய்விட்டேன். ஜன்னல் ஓர இருக்கை. கொடுத்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன்?

உன் மேல் ஆத்திரமாகவும் இருக்கிறது. என்னைப் பார்க்க அருவருப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் கிடக்கட்டும்.

மற்ற பதினாறு தாளும் சரி. பதினோராம் தாளில் முத்திரை மங்கலாக இருக்கிறது, வேறு பிரதி எடு.

தங்கை


ஜூலை 14

தங்கைக்கு,

இறைவன் உன்னையும் உன் வீட்டையும் காக்க. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டு நாள் பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

முதலில், வந்த பார்சலைப் பற்றி. ஜூன் கடைசியில் விமான நிலையத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் "தானியப் பொருள், ஒன்று. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று இருந்தது. உள்ளே நான் தைத்த துணி, வயிறு கிழிந்து கிடந்தது. தரையிலிருந்து பெருக்கி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். கடுகோடு தலைமுடி, ஒரு சட்டைப் பொத்தான், மென்று துப்பிய சூயிங்கம், பல் குத்திய குச்சி ஒன்று. குச்சி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தராசில் வைத்தேன். சூயிங்கத்தோடு சேர்த்து இருநூற்று எழுபத்தைந்து கிராம். பாக்கி அங்கே யார் காலிலோ போயிருக்கிறது. கையை ஏழு தடவை கழுவினேன், தராசுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். வாந்தி எடுத்தேன், அதையும் குறித்துவைத்திருக்கிறேன். உறையை மட்டும் எறியவில்லை, மேல்முறையீட்டுக்கு ஆதாரம். கொல்லைப்புறத்தில் வாளியைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறேன்.

இனி நான்காம் தாள். அந்த மாதம் உனக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு. சொன்னால் புத்தகத்தை மூடிவிட்டு வந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. இப்படித்தான் இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அது வாயில் நிற்கவில்லை. நீ பார்த்து முகம் சுளிப்பாயோ என்று பயந்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு ரத்தம், புண், கட்டுத்துணி எதுவும் ஆகாது. ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாலே ஓடுவாய். நீ ஓடுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. யாருமில்லை என்று எழுதிவிட்டால் ஓட ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் புகாரிலும் எழுதவில்லை. சான்றிதழ் பெட்டியில் இருந்தது என்று உனக்கு எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. இதற்குமுன் நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறேன். நான்கு தடவையும் சான்றிதழ் கைப்பையில் இருந்தது. காட்டினேன், தலையாட்டினார்கள், போய்விட்டேன். இந்தத் தடவை நீ கூட வந்தாய். சீப்பு வேண்டும், சில்லறை வேண்டும் என்று கேட்காமலேயே என் கைப்பையைக் குடைவது உன் வழக்கம். உன் கண்ணில் படக்கூடாதென்று கிளம்புகிற காலையில் அதை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் செய்தது அது. அதற்காகத்தான் பிளேடு வந்தது.

இதனால் கையுறைக்காரி சுத்தமாகிவிட மாட்டாள். நீ சொன்ன "தெரியாது" இல்லையென்றும் ஆகாது. என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

கெடு ஜூலை 29. நினைவூட்டவில்லை, தேதியைச் சொன்னேன்.

பிள்ளைக்கு அன்பு.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வாந்தி எடுத்தாய் என்று படித்ததிலிருந்து கவலை. இப்போது சாப்பிடுகிறாயா?

சாட்சியத்தை நேற்று விமான நிலையத்துக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னிடம் அனுப்பினால் நீ ஏதாவது ஒரு வரியை அடித்துவிடுவாய் என்று பயம். பிரதி இது:

"புகார்தாரர் தயாரித்த பட்டியலில் பத்தாம் எண் நான். அவருடைய உடன்பிறந்த தங்கை. சோதனை மேசையைத் தாண்டி நாலடி தூரத்தில் நின்றேன். மேலதிகாரி என்னிடம், இவர் உங்கள் ஆளா என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அது பொய். பிறகு தூணுக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தேன். அந்தத் துணி அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைத்துக்கொள்வது என்றும் உள்ளே கடுகு இருக்கிறது என்றும் புகார்தாரர் மூன்று முறை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகே துணி கிழிக்கப்பட்டது. கையுறை மாற்றப்படவில்லை. புகார்தாரர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது நான், என் அக்காவை."

கடைசி வரி தேவையில்லை, அலுவலக நடையில் வராது. அடித்துப் பார்த்தேன், மறுபடி எழுதிவிட்டேன். அலுவலகத்தில் மேனேஜரிடமும் நானே சொல்லிவிட்டேன். "இதுக்கெல்லாமா லீவு போட்டுச் சாட்சி எழுதுவாங்க?" என்று கேட்டார். "லீவு போட்டு எழுதற அளவுக்குப் பண்ணிட்டேன் சார்" என்றேன்.

ரத்தம், புண் பார்த்தால் ஓடுவேன் என்றாய். உண்மைதான். ஓடுகிறவளுக்கும் சொல்லியிருக்கலாம், அக்கா. பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

பார்சலைக் கையால் தொடாதே.

அன்புடன்,
பத்தாம் எண்


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாண்டுக்கு,

இறைவன் அருளால் நானும் நேற்றுக் கரையேறிய அத்தானும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. அந்த வரியை நீக்கிவிட்டார்களாம். கையுறையைப் பற்றிக் கேட்டதற்கு, "நடைமுறைகள் தொடர்ந்து மேம்படுத்தப்பட்டு வருகின்றன" என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் மறுபடியும் சிறு அசௌகரியம். நீ தட்டுகிற பட்டன் அங்கேயும் இருக்கிறது போல. பார்சலை வாளியோடு சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். நல்ல வாளிதான். ஆனாலும் இனி அதில் தண்ணீர் பிடித்துக் குளிக்க என்னால் ஆகாது. "ஒரு வாளிக்குப் போய் இத்தனை ஆழமா?" என்று அத்தான் கேட்டார். இன்னும் ஒரு அடி தோண்டச் சொன்னேன்.

அரிப்பு முழுக்கப் போகவில்லை. பிரார்த்தனையில் மூக்கு இப்போதும் வருகிறது, வந்துவிட்டுப் போய்விடுகிறது. புதிதாக ஒன்று தைத்துவிட்டேன், அதே எடை. சான்றிதழ் கைப்பையில் முதல் அறையில் இருக்கிறது, சீப்புக்குப் பக்கத்தில்.

உன் சாட்சியத்தின் கடைசி வரியை நான் அடித்திருப்பேன் என்பது சரிதான். நல்லவேளை, நேராக அனுப்பினாய். நோட்டில் பத்தாம் எண்ணுக்கு எதிரில் எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்பதை வந்து பார்த்துக்கொள்.

ஆகஸ்ட் 29 அன்று ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அதே வாரம் அத்தானுக்குக் கப்பல் கம்பெனியில் பரிசோதனை, அவரால் வர முடியாது. இந்தத் தடவை படிவத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பேனாவால் நிரப்பிவிட்டேன். "உடன் இருப்பவர்" என்ற இடத்தில் மட்டும் உன்னைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சட்டையை விலக்கிப் பார்ப்பார்கள், தழும்பு நன்றாக இருக்காது. நீ திரையை இழுத்துவிட்டு வெளியே நிற்கலாம், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். யாராவது வந்து உங்கள் ஆளா என்று கேட்டால் ஆம் என்று சொன்னால் போதும்.

படிவத்தை இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். பென்சில் மேல் பேனாவால் எழுதட்டுமா? சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா